ஓருறுப்புக் கோவைகளின் வகுத்தல்: அடுக்கைக் கழிக்கும் விதியின் வரலாறு

ஓருறுப்புக் கோவைகளின் வகுத்தல் என்பது, ஒரே ஓர் உறுப்பைக் கொண்ட இயற்கணிதக் கோவையை மற்றோர் ஓருறுப்புக் கோவையால் வகுத்து ஈவு காணும் செயல் ஆகும். கெழுவைக் கெழுவால் வகுக்க வேண்டும். ஒரே மாறியின் அடுக்குகளைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 12அ⁵இ³ என்பதை 4அ²இ என்பதால் வகுத்தால் 3அ³இ² கிடைக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'அடுக்கு' எனப்படுவது இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'சுட்டி' எனப்படுகிறது.

பள்ளியில் ஓரிரு பாடவேளைகளில் முடிந்துவிடும் இவ்விதி, கணித வரலாற்றில் அவ்வளவு விரைவாக உருவாகவில்லை. பெரிய அடுக்கைச் சிறிய அடுக்கால் வகுக்கும் பகுதி கி.மு. 300 அளவிலேயே அறியப்பட்டிருந்தது. அடுக்குகள் சமமாக இருந்தாலும், கீழுள்ள அடுக்கு பெரிதாக இருந்தாலும் அதே விதியைப் பயன்படுத்தலாம் என்பது பொது வழக்காக நிலைபெற 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட சுமார் 2000 ஆண்டுகளில் நடந்தவற்றை அறிந்தால், அ⁰ என்பது ஏன் 0 அல்ல, 1 என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

விதியின் மூன்று நிலைகள்

அடுக்கு என்பது ஒரு மாறி எத்தனை முறை பெருக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும் எண். அ⁵ என்றால் ஐந்து அ-க்களின் பெருக்கல். அ² என்றால் இரண்டு அ-க்களின் பெருக்கல். அ⁵-ஐ அ²-ஆல் வகுக்கும்போது, தொகுதியில் உள்ள ஐந்தில் இரண்டு பகுதியில் உள்ள இரண்டோடு அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது அ³. எண்ணிக்கையில் 5 − 2 = 3. கழித்தல் விதி இங்கிருந்துதான் வருகிறது.

இவ்விதியைப் பயன்படுத்தும் சூழல்கள் மூன்று வகைப்படும்.

முதல் நிலை: தொகுதியின் அடுக்கு பெரிது. அ⁵ ÷ அ² = அ³. இதில் ஐயம் எதுவும் எழுவதில்லை.

இரண்டாம் நிலை: இரு அடுக்குகளும் சமம். அ³ ÷ அ³. ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் 1. ஆனால் கழித்தல் விதி தருவது அ⁰. 'அ-வைச் சுழிய முறை பெருக்குவது' என்று சொன்னால் அதற்கு நேரடிப் பொருள் இல்லை.

மூன்றாம் நிலை: பகுதியின் அடுக்கு பெரிது. அ² ÷ அ⁵. அடித்துவிட்டுப் பார்த்தால் 1/அ³. கழித்தல் விதி தருவது அ⁻³. 'அ-வைக் குறை மூன்று முறை பெருக்குவது' என்பதற்கும் நேரடிப் பொருள் இல்லை. பள்ளி வரையறைப்படி இந்த ஈவு ஓருறுப்புக் கோவையும் அல்ல. ஓருறுப்புக் கோவையின் அடுக்குகள் குறையில்லா முழு எண்களாக இருக்க வேண்டும்.

இம்மூன்று நிலைகளிலும் அ சுழியமாக இருக்கக் கூடாது. சுழியத்தால் வகுப்பதற்குக் கணிதத்தில் இடமில்லை.

கிரேக்க மரபு: தொலைவும் பெயரும்

முதல் நிலையின் பழமையான வடிவம் யூக்ளிடின் 'மூலங்கள்' நூலில் காணப்படுகிறது. ஒன்றில் தொடங்கி ஒரே விகிதத்தில் வளரும் எண்களை, அதாவது 1, 2, 4, 8, 16, 32 போன்ற வரிசையை, அந்நூலின் ஒன்பதாம் பகுதி ஆராய்கிறது. அதன் 11ஆம் கூற்றின்படி, இவ்வரிசையில் உள்ள சிறிய எண் பெரிய எண்ணை மீதியின்றி அளக்கும். கிடைக்கும் ஈவும் அதே வரிசையில் இருக்கும். ஈவு எந்த இடத்தில் இருக்கும் என்பதையும் இக்கூற்றின் துணை முடிவு சொல்கிறது. ஒன்றிலிருந்து வகுக்கும் எண் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, வகுபடும் எண்ணிலிருந்து பின்னோக்கி அவ்வளவு தொலைவில் ஈவு இருக்கும். 32-ஐ 4-ஆல் வகுக்க வேண்டுமானால், 4 என்பது ஒன்றிலிருந்து இரண்டு இடம் தள்ளி இருப்பதால், 32-லிருந்து இரண்டு இடம் பின்னால் வந்தால் 8. இன்றைய குறியீட்டில் 2⁵ ÷ 2² = 2³.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், அண்டத்தை நிரப்பத் தேவையான மணல் துகள்களைக் கணக்கிடும் தமது 'மணல் எண்ணி' என்ற நூலில் இதன் பெருக்கல் வடிவத்தைப் பயன்படுத்தினார். சிராக்கூசின் மன்னர் கெலோனுக்கு எழுதப்பட்ட அந்நூலிலும் அடுக்குக் குறியீடு கிடையாது. ஒன்றிலிருந்து எண்ணப்படும் இடங்களே உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூக்ளிடின் கூற்று, சிறியது பெரியதை அளப்பதைப் பற்றியது. பெரியதால் சிறியதை அளப்பது என்ற பேச்சே அதில் இல்லை. வரிசை ஒன்றில் தொடங்கி ஒரு திசையில் மட்டுமே சென்றது. ஆகவே இரண்டாம், மூன்றாம் நிலைகள் அங்கே எழவே இல்லை.

கி.பி. 3ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அலெக்சாந்திரியாவின் டயோஃபாண்டஸ், 'அரித்மெட்டிக்கா' என்ற நூலில் தெரியாத எண்ணின் அடுக்குகளுக்குப் பெயரும் சுருக்கக் குறியும் கொடுத்தார். இரண்டாம் அடுக்கு 'தூனமிஸ்', மூன்றாம் அடுக்கு 'கூபோஸ்'. நான்காவது தூனமோதூனமிஸ், ஐந்தாவது தூனமோகூபோஸ், ஆறாவது கூபோகூபோஸ். இப்பெயர்கள் கூட்டல் முறையில் அமைந்தவை: தூனமோகூபோஸ் என்றால் 2 + 3 = 5. இவை ஒவ்வொன்றின் தலைகீழிக்கும் தனிப்பெயர் உண்டு. அதாவது 1/அ, 1/அ² போன்றவையும் அவருடைய கணக்கில் இடம் பெற்றன.

எந்த வகையை எந்த வகையால் பெருக்கினால் எது கிடைக்கும் என்பதை டயோஃபாண்டஸ் நூலின் முன்னுரையில் ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகிறார். வகுத்தலுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. பெருக்கல் விளங்கிவிட்டால் வகுத்தலும் தானே விளங்கும் என்ற கருத்தைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறார்.

இந்திய மரபு: நிறங்களும் வர்க்கங்களும்

இந்தியக் கணித நூல்களில் தெரியாத எண்களுக்குப் பெயரின் முதலெழுத்துகள் குறியீடாகப் பயன்பட்டன. முதல் தெரியா எண் 'யாவத்தாவத்'. அதன் சுருக்கம் யா. அடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்கள்: காலகம் (கருப்பு) கா, நீலகம் நீ, பீதகம் (மஞ்சள்) பீ, லோகிதகம் (சிவப்பு) லோ. தனி எண்ணுக்கு 'ரூப' என்பதன் சுருக்கமான ரூ. வர்க்கத்தைக் குறிக்க வ சேர்த்தனர். குறை எண்ணின் மேல் ஒரு புள்ளி வைத்தனர். பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்திலேயே தெரியா எண்களை நிறங்களால் குறிக்கும் வழக்கம் காணப்படுகிறது.

இரண்டாம் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'பீஜகணிதம்' என்ற நூலில் கோவைகளின் பெருக்கலும் வகுத்தலும் ஒன்றையடுத்து ஒன்றாக விளக்கப்படுகின்றன. அதில் வரும் ஒரு கணக்கில், ஐந்து யாவத்தாவத்திலிருந்து ஒன்று குறைந்த கோவையை, மூன்று யாவத்தாவத்துடன் இரண்டு கூடிய கோவையால் பெருக்கினால் யாவ 15, யா 7, புள்ளியிட்ட ரூ 2 கிடைக்கிறது. அதே பெருக்குத்தொகையை ஒரு காரணியால் வகுத்தால் மற்றதைத் திரும்பப் பெறலாம். அந்த வகுத்தலின் முதல் படி யாவ 15-ஐ யா 3-ஆல் வகுப்பது. ஈவு யா 5. இதுவே ஓருறுப்புக் கோவைகளின் வகுத்தல்.

உயர் அடுக்குகளுக்கு இந்தியாவில் வழங்கிய பெயர்கள் கிரேக்கப் பெயர்களிலிருந்து மாறுபட்டவை. நான்காம் அடுக்கு வர்க்கவர்க்கம், ஆறாம் அடுக்கு வர்க்ககனம். வர்க்கம் 2, கனம் 3. இரண்டையும் பெருக்கி 6. கனத்தின் வர்க்கம் என்று பொருள். ஐந்து பகா எண் என்பதால் அதற்கு வர்க்ககனகாதம் என்று பெயரிட்டனர். 'காதம்' இங்கே பெருக்குத்தொகையைக் குறிக்கிறது.

இந்த வேறுபாடு வகுத்தலைப் பொறுத்தவரை முக்கியமானது. கிரேக்க முறையில் தூனமோகூபோஸ் என்ற பெயரிலிருந்து தூனமிஸை நீக்கினால் கூபோஸ் எஞ்சும்; அ⁵ ÷ அ² = அ³ என்பது பெயரிலேயே தெரியும். இந்திய முறையில் வர்க்ககனத்திலிருந்து வர்க்கத்தை நீக்கிக் கனம் என்று விடை சொன்னால் தவறு; அ⁶ ÷ அ² = அ⁴, அ³ அல்ல. அடுக்கின் பெயர், அடுக்கின் மீது அடுக்கு ஏற்றும் விதிக்குப் பொருந்தி அமைந்ததே காரணம். கணித வல்லுநர்கள் இதில் குழம்பவில்லை. ஆனால் சொல்லைப் பார்த்த அளவில் வகுத்தல் விதி புலப்படாது. அடுக்குக்குப் பெயர் போய் எண் வர வேண்டிய தேவையை இது காட்டுகிறது.

பாக்தாத்: இரு பக்கமும் நீண்ட அட்டவணை

9ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிசுமி எழுதிய இயற்கணித நூல், தெரியா எண்ணின் வர்க்கத்தோடு நின்றது. டயோஃபாண்டஸின் நூல் அதே நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூக்காவால் அரபியில் மொழிபெயர்க்கப்பட்ட பின், உயர் அடுக்குகளில் அக்கறை கூடியது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கராஜி, 'அல்-ஃபக்ரி' என்ற நூலில் அடுக்குகளை வரம்பின்றி நீட்டிக்கொண்டு போகலாம் என்று காட்டினார். ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் தலைகீழியையும் வரிசைப்படுத்தி, அவற்றின் பெருக்கல் விதிகளைத் தந்தார்.

அவருடைய பணியைத் தொடர்ந்தவர் 12ஆம் நூற்றாண்டின் அல்-சமவால். தமது 19ஆம் வயதில் எழுதியதாகக் கூறப்படும் 'அல்-பாஹிர்' என்ற நூலில் அவர் ஓர் அட்டவணையை அமைத்தார். நடுவில் ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் அ, அ², அ³ என அடுக்குகள். மறு பக்கத்தில் 1/அ, 1/அ², 1/அ³ எனத் தலைகீழிகள். இரு பக்கமும் 1, 2, 3 என இட எண்கள். அடுக்குகளின் மதிப்பு விளங்குவதற்காக 2, 3 ஆகிய எண்களின் அடுக்குகளையும் அதில் எழுதிக் காட்டினார்.

இந்த அட்டவணையின் அமைப்பு தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. 8, 4, 2, 1 என்று பாதிபாதியாகக் குறைத்து வந்து, நிற்காமல் அரை, கால், அரைக்கால், வீசம் என்று தொடர்ந்தால் அதே வரிசைதான். ஒன்று என்பது தொடக்கம் அல்ல, நடுவில் உள்ள ஓர் இடம். பெருக்கினால் ஒரு திசையில் நகர்கிறோம். வகுத்தால் எதிர்த்திசையில் நகர்கிறோம். இவ்வாறு பார்த்தால் அ² ÷ அ⁵ ஒரு சிக்கலும் தராது. அ²-இன் இடத்திலிருந்து ஐந்து இடம் நகர வேண்டும். இரண்டாம் அடியில் ஒன்றைத் தொட்டு, மேலும் மூன்று இடம் கடந்து 1/அ³-இல் நிற்போம்.

அல்-சமவால் இம்முறையை ஒரு கடினமான கணக்கில் பயன்படுத்தினார். 20அ² + 30அ என்பதை 6அ² + 12 என்பதால் நெடுமுறையில் வகுத்தார். முதல் ஈவு 20அ² ÷ 6அ², அதாவது 3⅓. மீதியில் 30அ-வை 6அ²-ஆல் வகுக்க வேண்டும், ஈவு 5/அ. அடுத்து −40-ஐ 6அ²-ஆல் வகுக்க −6⅔/அ². இப்படியே வகுத்தல் முடிவின்றித் தொடர்கிறது. ஒவ்வொரு படியும் ஓருறுப்புக் கோவையை ஓருறுப்புக் கோவையால் வகுப்பதே. அதுவும் பகுதியின் அடுக்கு பெரிதாக உள்ள மூன்றாம் நிலை. கெழுக்கள் ஓர் ஒழுங்கில் வருவதையும் அவர் கண்டார்: ஒவ்வொரு கெழுவும் தனக்கு இரண்டு இடம் முன்னுள்ள கெழுவின் −2 மடங்கு.

அதே நூலில் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் அவர் விதிகள் தருகிறார். எனினும் அட்டவணையின் மறு பக்கத்து இட எண்களைக் குறை எண்களாக அவர் கொள்ளவில்லை. குறை என்பது கெழுவுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இடத்துக்குத் திசை போதுமானதாக இருந்தது. அதனால் ஒரே விதியாகச் சொல்ல வேண்டியதை, திசைக்கு ஏற்பத் தனித்தனியாகச் சொல்ல நேர்ந்தது.

அச்சேறாத ஒரு கையெழுத்துப் படி

இடத்தை எண்ணாகவும், திசையைக் குறியாகவும் மாற்றியவர் பிரான்சின் லியோன் நகரில் வாழ்ந்த நிக்கோலா சூக்கே. 1484இல் அவர் எழுதி முடித்த 'திரிபார்த்தி' என்ற நூலில், தெரியா எண்ணுக்குத் தனி எழுத்தே கிடையாது. கெழுவின் மேல் அடுக்கை மட்டும் எழுதினார். அவருடைய 12³ என்பது இன்றைய 12அ³. தனி எண் 12 என்பதை 12⁰ என்று எழுதினார். கீழ்த்திசை அடுக்குகளுக்கு 'குறை' என்று பொருள்படும் சுருக்கக் குறியைச் சேர்த்தார்.

இக்குறியீட்டில் அவர் செய்த ஒரு வகுத்தல் வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இன்றைய முறையில் எழுதினால் அது 72அ ÷ 8அ³ = 9அ⁻². கெழு 72 ÷ 8 = 9; அடுக்கு 1 − 3 = −2. கெழுவுக்கு வகுத்தல், அடுக்குக்குக் கழித்தல் என்ற விதி, குறை அடுக்கோடு முழுமையாக இங்கே செயல்படுகிறது. 2⁰ முதல் 2²⁰ வரையிலான அட்டவணையையும் சூக்கே தந்து, அடுக்குகளின் கூட்டலுக்கும் எண்களின் பெருக்கலுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார்.

ஆனால் அவருடைய நூல் அச்சாகவில்லை. லியோனைச் சேர்ந்த எத்தியென் டி லா ரோஷ் 1520இல் வெளியிட்ட எண்கணித நூலில் அதன் பகுதிகள் எடுத்தாளப்பட்டன. மூல நூல் 1880இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் இவ்விதி வேறு வழிகளில் உலகெங்கும் பரவிவிட்டது.

ஸ்டீஃபெலின் இரு வரிசைகள்

அச்சில் வந்து பலரைச் சென்றடைந்தது ஜெர்மானியரான மிக்கேல் ஸ்டீஃபெலின் அட்டவணை. துறவியாக இருந்து பின்னர் லூதரின் சீர்திருத்தச் சபையில் போதகரான இவர், 1544இல் 'அரித்மெட்டிக்கா இன்டெக்ரா' என்ற நூலை வெளியிட்டார். அதில் இரு வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். மேல் வரிசை: −3, −2, −1, 0, 1, 2, 3, 4, 5, 6. கீழ் வரிசை: 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, 16, 32, 64. மேலே கூட்டினால் கீழே பெருக்கல். மேலே கழித்தால் கீழே வகுத்தல். மேல் வரிசையின் எண்களுக்கு அவர் இட்ட பெயரான 'எக்ஸ்போனென்ஸ்' என்பதிலிருந்தே அடுக்கைக் குறிக்கும் இன்றைய ஐரோப்பியச் சொற்கள் பிறந்தன.

இதே ஸ்டீஃபெல், குறை எண்களை 'பொருளற்ற எண்கள்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த எண்கள் உண்மையில் உள்ளனவா என்ற ஐயம் தீர்வதற்கு முன்பே, அவற்றின் பயனை அட்டவணை காட்டிவிட்டது.

பரிமாணம் என்னும் தடை

இவ்வளவு தெரிந்த பின்னும் குறை அடுக்கு இயற்கணிதத்தில் உடனே இடம் பெறவில்லை. அதற்கு ஒரு காரணம் வடிவியல். வர்க்கம் என்றால் சதுரத்தின் பரப்பு, கனம் என்றால் கனசதுரத்தின் கொள்ளளவு என்றே பலரும் எண்ணினர். பிரான்சுவா வியேத் 1591இல் எழுதிய 'இசகோகே' நூலில் எழுத்துகளைக் கொண்டு பொதுக் கணக்கு செய்யும் முறையை வகுத்தார். அதிலும் ஒரே பரிமாணம் உள்ளவற்றையே கூட்டலாம், கழிக்கலாம் என்பது அடிப்படை விதி. கனத்தைப் பரப்பால் வகுத்தால் நீளம் கிடைக்கும். இது கண்ணுக்குத் தெரிகிறது. நீளத்தைக் கனத்தால் வகுத்தால் கிடைக்கும் உருவம் எது? அப்படி ஓர் உருவம் இல்லை.

ரெனே தேக்கார்ட் 1637இல் வெளியிட்ட 'வடிவியல்' நூலில் இத்தடையை நீக்கினார். ஏதேனும் ஒரு நீளத்தை ஓர் அலகாகக் கொண்டால், இரு நீளங்களின் பெருக்குத்தொகையையும் ஒரு நீளமாகவே காட்டலாம். வகுத்தலின் ஈவும் நீளமே. அ³, அ⁴ என எழுத்தின் வலப்புற மேற்பகுதியில் சிறிய எண் இடும் இன்றைய வழக்கமும் அந்நூலின் வழியே பரவியது. ஆயினும் தேக்கார்ட் மிகை முழு எண்களை மட்டுமே அடுக்காக எழுதினார்.

ஜான் வாலிஸ் 1656இல் 'அரித்மெட்டிக்கா இன்ஃபினிட்டோரம்' நூலில், தலைகீழிகளுக்குக் குறை அடுக்கும் மூலங்களுக்குப் பின்ன அடுக்கும் உண்டு என விளக்கினார். அவற்றை எழுத்தின் மேல் எழுதும் குறியீடாகப் பொது வழக்குக்குக் கொண்டு வந்தவர் ஐசக் நியூட்டன். 1676 ஜூனில், லைப்னிட்சுக்கு அனுப்புவதற்காக ஓல்டன்பர்க்குக்கு எழுதிய கடிதத்தில், பிறர் அ², அ³ என எழுதுவது போலத் தாம் 1/அ, 1/அ² ஆகியவற்றை அ⁻¹, அ⁻² என எழுதுவதாக அவர் விளக்கினார். ஈருறுப்புத் தேற்றத்தை எல்லா அடுக்குகளுக்கும் ஒரே சூத்திரமாகச் சொல்ல அது அவருக்குத் தேவைப்பட்டது.

அ⁰ ஏன் 1?

தொடக்க நிலை மாணவருக்கு இதை விளக்கியவர்களுள் லியோனார்டு ஆய்லர் முதன்மையானவர். பார்வையை இழந்த நிலையில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இயற்கணித நூல் 1770இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதில் அவர் காட்டும் வழி எளியது. அ³-ஐ அ-வால் வகுத்தால் அ². மீண்டும் வகுத்தால் அ¹. ஒவ்வொரு முறையும் அடுக்கு ஒன்று குறைகிறது. இன்னும் ஒரு முறை வகுத்தால் அடுக்கு 0. மதிப்போ அ ÷ அ, அதாவது 1. ஆகவே அ⁰ = 1. மேலும் வகுத்தால் அ⁻¹ = 1/அ, அ⁻² = 1/அ².

இந்த விளக்கத்தின் பின்னுள்ள கொள்கையை 1830இல் ஜார்ஜ் பீக்காக் தமது இயற்கணித நூலில் வெளிப்படையாகக் கூறினார். ஒரு பொது விதி இயல் எண்களுக்கு நிறுவப்பட்ட பின், புதிய எண்களுக்கும் அதே விதி மாறாமல் பொருந்தும்படி அவற்றின் பொருளை வரையறுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அ⁰ = 1 என்பது பெருக்கலின் பொருளிலிருந்து நேராகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை அல்ல; வகுத்தல் விதியை எங்கும் முறியாமல் காக்கும் வரையறை. அ⁰-க்கு வேறு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் அ³ ÷ அ³ என்ற எளிய கணக்கிலேயே விதி முறிந்துவிடும்.

பிற்காலப் பயன்கள்

அறிவியலில் பெரிய எண்களைப் பத்தின் அடுக்குகளாக எழுதும் முறை முழுவதும் இவ்விதியைச் சார்ந்தது. சூரியனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1.5 × 10¹¹ மீட்டர். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர். வகுத்தால் 0.5 × 10³, அதாவது 500 நொடி. கெழுக்களை வகுத்து, அடுக்குகளைக் கழித்து, சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் என்று அறிகிறோம்.

உயர்கணிதத்தில் ஓர் ஓருறுப்புக் கோவை மற்றொன்றை வகுக்குமா என்ற கேள்வியே முக்கியமானது. விடை காண ஒவ்வொரு மாறியின் அடுக்கையும் ஒப்பிட்டால் போதும். அ²இ என்பது அ³இ⁴-ஐ வகுக்கும், அஇ⁵-ஐ வகுக்காது. 1913இல் எல். ஈ. டிக்சன் நிறுவிய முடிவின்படி, மாறிகளின் எண்ணிக்கை முடிவுறுவதாக இருந்தால், ஒன்றையொன்று வகுக்காத ஓருறுப்புக் கோவைகளை (கெழுக்களைக் கருதாமல்) முடிவின்றித் திரட்ட இயலாது. 1965இல் புரூனோ புச்பெர்கர் தமது முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய வழிமுறை, பல மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்க உதவுகிறது. அவ்வழிமுறை ஒவ்வொரு படியிலும் தலை உறுப்பைத் தலை உறுப்பால் வகுத்துப் பார்க்கிறது. அது எப்போதேனும் முடியும் என்பதற்கு டிக்சனின் முடிவு உறுதி தருகிறது. இன்றைய கணினி இயற்கணித மென்பொருள்களில் இவ்வழிமுறை பரவலாக உள்ளது.

வகுப்பறையில் வரும் பிழைகள்

ஓருறுப்புக் கோவைகளை வகுக்கும்போது மாணவர்கள் செய்யும் பிழைகளில் மூன்று பரவலானவை.

ஒன்று, அடுக்குகளையும் வகுத்துவிடுவது: அ⁶ ÷ அ² = அ³. அ = 2 என்று இட்டுப் பார்த்தால் 64 ÷ 4 = 16; அது 2⁴, 2³ அல்ல. வர்க்ககனம் என்ற பெயரிலிருந்து வர்க்கத்தை நீக்கினால் நேரும் அதே பிழை இது.

இரண்டு, கெழுக்களையும் கழித்துவிடுவது: 12அ⁵ ÷ 4அ² = 8அ³. கெழு என்பது எண். அதை வகுக்க வேண்டும். அடுக்கு என்பது எண்ணிக்கை. அதைத்தான் கழிக்க வேண்டும். சரியான விடை 3அ³.

மூன்று, அ³ ÷ அ³ = 0 என்பது. 'எல்லாம் அடிபட்டுவிட்டன, மிச்சம் ஒன்றுமில்லை' என்று மாணவர் நினைக்கிறார். அடிபடுதல் என்பது கழித்தல் அல்ல, வகுத்தல்; எல்லாம் அடிபட்டால் எஞ்சுவது 1. அடுக்கில் 0 வந்திருப்பது, எண்வரிசையில் நாம் ஒன்றின் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்பதைக் காட்டுகிறது.

இம்மூன்றாம் பிழையைச் செய்யும் மாணவரைக் கவனமில்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றைத் தொடக்கமாக மட்டும் பார்க்காமல், இரு பக்கமும் நீளும் வரிசையின் நடுவிடமாகப் பார்க்கப் பழகுவதே இப்பாடத்தின் கடினமான பகுதி. யூக்ளிடுக்கும் அல்-சமவாலுக்கும் இடையே 1400 ஆண்டுகள் உள்ளன. அந்த இடத்துக்கு 0 என்று எண்ணிட்டு, அதற்குக் கீழே குறை எண்களை எழுதிக் கணக்கிடும் சூக்கேயின் முறைக்கு மேலும் 300 ஆண்டுகள் ஆயின. விதியை மனப்பாடமாகச் சொல்வதோடு நில்லாமல், 8, 4, 2, 1, அரை, கால், அரைக்கால் என்று ஒரு முறை எழுதிப் பார்க்கும் மாணவர், அத்தொலைவைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம்.